நானே போட்டுப் பார்த்த செருப்பு

என் தங்கை செருப்புக் கடையில் வேலை பார்க்கிறாள். இதை நான் யாரிடமும் தயங்காமல் சொல்வேன். வெகுகாலம் சொல்லாமல் இருந்தவள் அவள்தான். எங்கே வேலை என்று கேட்டால் "கடையில" என்பாள். என்ன கடை என்று கேட்டால் "ரெண்டு மாடிக் கடை" என்பாள்.

வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பள்ளியில் கூடப் படித்த ஒருத்தி தன் தோழிகளோடு கடைக்குள் வந்துவிட்டாள். சின்னவள் அப்போது குட்டை முக்காலியில் உட்கார்ந்து யாருக்கோ ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். சட்டென்று எழுந்து, காலிப் பெட்டிகளை முகம் மறையும் அளவுக்கு அடுக்கித் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறாள். எதிரே இருந்தது தெரியாமல் போய் மோதியிருக்கிறாள். நெற்றி புடைத்து வீட்டுக்கு வந்தவளிடம் என்னடி ஆச்சு என்றேன். "தூண் குறுக்க வந்துடுச்சு" என்றாள்.

நான் எட்டாவதோடு நின்றவள். மருந்து மொத்தக் கடையில் பெட்டி கட்டுகிறேன். எங்கள் தெருவில் அவளுடைய நீலக்கால் கதையை ஆளாளுக்குக் கைகால் ஒட்டிச் சொல்கிறார்கள். நடந்ததை நடந்தபடி ஒருவராவது சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். சின்னவளுக்கு வாசித்துக் காட்டி, அவள் தப்பு என்று சொன்ன இடங்களைத் திருத்தியும் இருக்கிறேன்.

பிறர் காலடியில் உட்காரும் வேலை என்று கூசியவள், நாளாக ஆகத் தேறினாள். ஒருவர் படியேறி வரும்போதே அவர் எந்தக் காலில் பாரம் போட்டு நடக்கிறார் என்று பார்த்துவிடுவாள். வேலைக்கென்று இடுப்பில் கட்டிக்கொள்ளும் துணியின் பையில் அளவு நாடா, செருப்பு மாட்டும் கொம்பு, ஒரு சின்னப் பவுடர் டப்பா எல்லாம் வைத்திருப்பாள். கடையில் அவளுக்குப் பாதம்மா என்று பட்டப்பெயர் விழுந்தது. "பாதம்மா இல்லையா? அப்ப நாளைக்கு வரேன்" என்று திரும்பிப் போகிறவர்கள் இருந்தார்கள். காரணம், அவள் எதையும் தன் காலில் போட்டு நடக்காமல் விற்கமாட்டாள். "கடிக்குமா?" என்று கேட்டால் மற்றவர்கள் "கம்பெனி சரக்குங்க" என்பார்கள். அவள் மட்டும் "நானே போட்டுப் பாத்தேன்" என்பாள். அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள். அவளுடைய சொத்து என்று ஒன்று இருந்தால், அந்த மூன்று வார்த்தைகள்தான்.

கோடைக்கு என்ன செருப்பு எடுப்பது என்பதை அதுவரை முதலாளியின் மருமகன் பார்த்துக்கொண்டிருந்தார். படத்தைப் பார்த்தே ஆர்டர் கொடுத்துவிடுவார். முந்தின கோடையில் அவர் எடுத்த பளபளப்புச் செருப்பு வெயிலில் இளகி, ஒரு அம்மாள் பேருந்து வந்தும் ஏற முடியாமல் தார்ச்சாலையோடு ஒட்டிக்கொண்டு நின்றாராம். அதிலிருந்து மாமனாருக்கும் மருமகனுக்கும் பேச்சு குறைந்தது. முதலாளி சின்னவளைக் கூப்பிட்டார்.

"இந்தக் கோடைக்கு நீயே எடும்மா. இப்பல்லாம் வர்றவங்க இயற்கைப் பொருளா, சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் இல்லாததான்னுதான் கேக்குறாங்க. பூமிக்கும் கெடுதல் வரக்கூடாது, என் கடைக்கும் கெடுதல் வரக்கூடாது. சரியா வந்துச்சுன்னா இனிமே தேர்வு உன் பொறுப்பு. கீழ உக்கார வேணாம், மேல நாற்காலி போட்டுத் தரேன்."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவள் சாப்பிடவே இல்லை. "நாற்காலியாம்க்கா" என்று இரண்டு மூன்று தடவை சொன்னாள்.

மாதிரிச் செருப்புகள் வந்தன. இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மாதிரியை யாரும் சுட்டுக்கொண்டு போகாமல் இருக்க ஒற்றைக் காலுக்குத்தான் அனுப்புவார்கள். வந்தவை எல்லாம் வலது கால். சின்னவள் வலது காலில் மாதிரியும் இடது காலில் தன் பழைய செருப்புமாகக் கடைக்கு நடந்தாள். இரண்டுக்கும் உயரம் ஒத்துவராது. தாங்கித் தாங்கி நடப்பாள். எங்கள் தெரு இஸ்திரிக் கடைக்காரர் என்னைக் கூப்பிட்டு, "பெரியவளே, உன் தங்கச்சிக்கு என்ன ஆச்சு? வலது கால் ஒரு ஊருக்குப் போகுது, இடது கால் இன்னொரு ஊருக்குப் போகுது" என்றார்.

அவளோ தோளைக் குலுக்கிவிட்டு நடந்தாள். பழைய டயரில் செய்த அடி முதலில் தள்ளுபடியானது. "வண்டில இருந்தப்ப நல்லா ஓடுன டயர்தான். என்னை ஓட விடமாட்டேங்குது. அடுப்புமேல நிக்கிற மாதிரி இருக்கு." சணல் அடியை வாளித் தண்ணீரில் முக்கி வைத்தாள். அது வாளியையே குடித்துவிட்டு, காய மறுத்து நாறியது. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி நூலாக்கிய பட்டை விரலிடுக்கை அறுத்தது. "பூமியில குப்பை குறையுது, சரி. என் கால்ல தோலும் குறையுதே" என்றாள்.

கடைசியில் ஒன்று நின்றது. தக்கையும் மரத்துப் பாலில் செய்த ரப்பரும் சேர்ந்த அடி. பசையே இல்லாமல் முழுக்கத் தையல். அகலமான பருத்திப் பட்டை, பாதம் படும் இடத்திலும் பருத்தித் துணி. இரண்டுக்கும் அவுரி இலையில் சாயம் ஏற்றியிருந்தார்கள். அந்த நீலத்தை எப்படிச் சொல்வது! மழை விட்டு வெளுத்த சாயங்கால வானம் போல இருந்தது. சின்னவள் அதை வலது காலில் போட்டுக்கொண்டு பேருந்து நிறுத்தத்து வெயிலில் நின்றாள், மாடிப்படி ஏறி இறங்கினாள், ஈரத் தரையில் வழுக்குகிறதா என்று சுற்றிச் சுற்றி வந்தாள். "தேஞ்சு போச்சுன்னா மண்ணுல போட்டாப் போதும்க்கா, மண்ணோட மண்ணாப் போயிடும். யாருக்கும் தொந்தரவு இல்ல" என்றாள். அந்தச் செருப்பைப் பற்றி அவள் பேசும்போது எனக்கே அவள் கொஞ்சம் உயரமாகிவிட்டது போலத் தெரிந்தது.

கோடை பிறந்ததும் கடையின் கண்ணாடி முகப்பு நிறைய நீலச் செருப்பு. நன்றாகவே விற்றது.

வாங்கியவர்களில் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர். அவருக்குச் சர்க்கரை நோய். மகள் கூட வந்திருந்தாள். வட்டிக் கடைக்காரன் நகையைப் பார்ப்பது போலச் செருப்பைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாளாம்.

"அப்பா கால்ல ஒரு கீறல் விழுந்தாலும் எனக்குத் தூக்கம் போயிடும். கடிக்காதே?"

"கடிக்காதுங்க. பட்டை மெத்துன்னு இருக்கும்."

"இந்த நீலம் கால்ல ஒட்டுமா?"

"ஒட்டாதுங்க. நானே போட்டுப் பாத்தேன்."

ஓட்டுநர் சிரித்தார். "எம்பொண்ணு கேட்டா செக்கிங் இன்ஸ்பெக்டரே திணறுவாரு. நீ பாஸ் ஆயிட்டேம்மா. பில்லைப் போடு."

அதற்கடுத்த வாரம், கடையில் கூட்டம் அலைமோதும் நேரத்தில் அந்த மகள் மட்டும் வந்தாள். கையில் செருப்பு வாங்கிய பில்.

"எங்க அந்தப் பொண்ணு? நானே போட்டுப் பாத்தேன்னு சொன்ன பொண்ணு எங்க?"

சின்னவள் எழுந்து நின்றாள்.

அந்தப் பெண் கத்தவில்லையாம். கத்தியிருந்தால் தேவலை என்றாள் சின்னவள். நிறுத்தி நிறுத்தி, கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னாளாம். அப்பா மத்தியான வெயிலில் நடந்துவிட்டு வந்து படுத்தார். போர்வையை விலக்கிப் பார்த்தால் பத்து விரலும் நீலம், உள்ளங்காலும் நீலம். சர்க்கரைக்காரருக்குக் காலில் உணர்ச்சி குறைவு. வலிக்கிறதா என்று கேட்டால் தெரியவில்லை என்கிறார். ரத்த ஓட்டம் நின்றுபோய்விட்டது, காலை எடுக்க வேண்டியதுதான் என்று வீடே அலறிக்கொண்டு வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறது.

"டாக்டர் விரலால அமுக்கிப் பாத்தாரு. கையுறை நீலமாச்சு. பஞ்சுல ஸ்பிரிட் தொட்டுத் துடைச்சாரு. பஞ்சு நீலமாச்சு. டாக்டர் சிரிச்சாரு, நர்ஸ் சிரிச்சாங்க, பக்கத்துக் கட்டில்ல எலும்பு முறிஞ்சு கிடந்தவர்கூட சிரிச்சாரு. நான் மட்டும் உக்காந்து அழுதுட்டு இருந்தேன். ஒட்டுமான்னு உங்ககிட்ட கேட்டேனா இல்லையா?"

"கேட்டீங்க."

"என்ன சொன்னீங்க?"

சின்னவளால் நிமிர்ந்து முகத்தைப் பார்க்க முடியவில்லை. "அவங்க செருப்பு குதிகால் பக்கம் ஒருசாய்ச்சலாத் தேஞ்சிருந்துச்சு. அதையே பாத்துட்டு இருந்தேன்க்கா" என்று என்னிடம் சொன்னாள். கடையில் கொம்பு என்று ஒருவன் உண்டு, செருப்பு மாட்டும் கொம்பைக் காதில் சொருகிக்கொண்டு திரிவதால் அந்தப் பெயர். அவன் பின்னாலிருந்து, "கழட்டினாலும் கால்ல செருப்பு போட்ட மாதிரியே இருக்குமில்ல? ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்" என்றிருக்கிறான். மொத்தக் கடையும் சிரித்தது. முதலாளியும் வாயைப் பொத்திக்கொண்டாராம்.

பிறகு ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். ஒரு ஆசிரியையின் வெள்ளை விரிப்பில் வாசலிலிருந்து கட்டில் வரை நீலத் தடம். புது வேலையில் சேர்ந்த ஒரு பெண் கால்மேல் கால் போட்டு உட்கார, எதிரே இருந்த அதிகாரி அவளுடைய பாதத்தையே பார்த்தாராம். தெருவில் இஸ்திரிக் கடைக்காரர் கூட, "பெரியவளே, துணிக்கு நீலம் போடணும், உன் தங்கச்சியக் கொஞ்சம் வாளியில நிக்கச் சொல்லேன்" என்றார். நல்ல மனிதர்தான், விளையாட்டுக்குத்தான் சொன்னார். சின்னவள் அன்றிலிருந்து அந்தப் பக்கமாகப் போவதை விட்டுவிட்டுப் பின்தெரு சுற்றிப் போனாள். அப்புறம் போவதையே நிறுத்தினாள். காய்ச்சல் என்று கடைக்குச் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

"சாயம்னா போகத்தான்டி செய்யும். நீயா காய்ச்சி ஊத்தினே?" என்றேன்.

"சாயம் போனது பெரிசில்லக்கா. போகாதுன்னு சொன்னேனே. பாத்ததா சொன்னேனே. என் கால்ல ஏன் ஒட்டல? எத்தனை நாள் போட்டு நடந்தேன், நீயும்தானே பாத்த?"

எனக்கும் அதுதான் புரியவில்லை. அவள் பொய் சொல்கிறவள் இல்லை.

மறுநாள் துணி துவைக்கக் கொல்லைப்புறம் போனவள், தனக்கென்று கடையில் வாங்கி வைத்திருந்த நீலச் செருப்பு ஜோடியைத்தான் மாட்டிக்கொண்டு போனாள். குளித்த கால், நல்ல வெயில், வியர்வை. துணி உலர்த்திவிட்டு உள்ளே வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "அக்கா, இங்க வாயேன்."

வலது காலும் நீலம், இடது காலும் நீலம்.

சமையலறைத் தரையில் உட்கார்ந்து அந்தக் கால்களை நீட்டி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்து போய் இடுப்புத் துணிப் பையிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். செருப்புக் கடைக்காரர்களுக்கு இது இரண்டாவது தோல். வருகிறவர்களின் காலில் ஷூ வழுக்கிக்கொண்டு நுழைய ஒரு தட்டு தட்டுவார்கள். நாள் முழுக்க நிற்பதால் தங்கள் காலுக்கும் காலையில் விரலிடுக்கு வரை பூசிக்கொள்வார்கள். பல் தேய்ப்பது போலத் தானாக நடக்கிற காரியம். யோசித்துச் செய்வதில்லை. மாதிரியைப் போட்டுப் பார்த்த எல்லா நாளும் அவள் பவுடர் பூசிய காலோடுதான் நடந்திருக்கிறாள். வியர்வை பவுடரோடு போயிற்று. நீலம் ஒட்ட வழியே இல்லை.

"செருப்பை நான் போட்டுப் பாக்கலக்கா. பவுடர்தான் போட்டுப் பாத்துச்சு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. சோப்பைப் போட்டுக் கால் சிவக்கச் சிவக்கத் தேய்த்தாள்.

முதலாளிக்கு ஃபோன் செய்து காரணத்தைச் சொன்னாள். அவர் உற்சாகமாகிவிட்டார். எனக்கே கேட்டது.

"அட, இவ்வளவுதானா? வழிய நீயே சொல்லிட்ட! ஜோடிக்கு ஒரு பவுடர் டப்பா இலவசம்னு போர்டு வெச்சிடுவோம்."

"எதுக்கு பவுடர்னு கேப்பாங்களே முதலாளி."

"வாசனைக்குன்னு சொல்லு."

ஃபோனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "பூமிக்குக் கெடுதல் இல்லாத செருப்புக்கு பிளாஸ்டிக் டப்பா இலவசமாம்" என்றேன். குடோன் நிறைய இருப்பது அவள் தேர்ந்தெடுத்த சரக்கு. அவள் எப்படி மாட்டேன் என்பாள்?

மறுநாள் போனாள். போர்டு தொங்கியது. முதலில் வந்த அம்மாள், "பவுடர் எதுக்கும்மா?" என்று கேட்டார். "வாசனைக்குங்க" என்றாள் சின்னவள். அந்த அம்மாள் சந்தோஷமாக வாங்கிப் போனார். சின்னவளோ மதியச் சாப்பாட்டுக்குப் போனவள் கடைக்குத் திரும்பாமல் நேராக நான் வேலை பார்க்கும் இடத்துக்கு வந்துவிட்டாள். முகம் செத்துக் கிடந்தது.

"முன்னாடி சொன்னது தெரியாம சொன்னது. இன்னிக்கு தெரிஞ்சே சொல்லிட்டேன்க்கா. அந்த ஓட்டுநர் வீட்டுக்குப் போகணும். தனியாப் போகத் தைரியமில்ல, நீயும் வா."

போனோம். கதவைத் திறந்த மகள் எங்களை உள்ளே வரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. அப்படியே விலகி நின்றாள். ஓட்டுநர் ஜன்னலோரம் உட்கார்ந்து செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தார். காலில் அந்தச் செருப்பு, உள்ளே வெள்ளை சாக்ஸ். வெள்ளை என்று சொல்ல முடியாது.

சின்னவள் பவுடர் விஷயம் முழுவதையும் சொன்னாள், வாசனை உட்பட. சொல்லும்போது காது மடல் வரை சிவந்துவிட்டது. "செருப்பைக் குடுங்க ஐயா, திருப்பி எடுத்துக்கறேன்" என்று குனிந்தாள். அவர் இரண்டு காலையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"தொடாத. முப்பது வருஷமா கிளட்ச் மிதிச்ச காலு இது. இப்பத்தான் ஒரு செருப்புல வலிக்காம இருக்கு. சாயத்த விடு, எனக்கு வேற கணக்கு இருக்கு உங்கிட்ட."

"என்னங்கய்யா?"

மகள் குறுக்கிட்டாள். "நீங்களே சொல்லுங்கப்பா. வெக்கப்படாம சொல்லுங்க."

ஓட்டுநர் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அதற்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "கால எடுத்துடுவாங்கன்னு நெனச்சேனா... ஆஸ்பத்திரில எம்பொண்ணு கையப் பிடிச்சுட்டு, தப்பு எம்மேலதான், தினமும் நடக்கப் போறேன்னு சொல்லிட்டு பேக்கரில ரெண்டு கேக் தின்னுட்டு வர்றேன்னு ஒத்துக்கிட்டேன். ஒத்துக்கிட்டு முடிக்கிறேன், அந்த டாக்டரு பஞ்சால துடைக்கிறாரு. ஒரு நிமிஷம் முன்னாடி துடைச்சிருக்கக்கூடாதா? இப்ப பேக்கரிக்காரன்கிட்ட என் போட்டோவையே குடுத்து வெச்சிருக்கா!"

"மூணு வருஷமா இப்படித் தின்னிருக்கீங்கப்பா!" என்றாள் மகள். கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் உதடு கோணிக்கொண்டு சிரிப்பு தப்பிவிட்டது. நானும் சிரித்துவிட்டேன். சின்னவள் சிரிக்கவில்லை. அவளை யாராவது திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் இன்னும் அந்தச் செருப்பைக் காலில் போட்டுக்கொண்டிருந்ததுதான் அவளைக் கூனிக்குறுக வைத்தது. வெளியே வரும்போது மகள் படிவரை வந்தாள். "எங்கப்பா மன்னிப்பாரு. எனக்கு அன்னிக்கு வண்டில போனது இன்னும் மறக்கல" என்றாள். சின்னவள் "மறக்க வேணாங்க" என்றாள்.

மறுநாள் கடைக்குப் போனதும் இலவச போர்டைக் கழற்றினாள். முதலாளி கத்தினாராம். நாற்காலிப் பேச்சு அன்றோடு முடிந்தது. தேர்வு மறுபடி மருமகன் கைக்குப் போயிற்று. அவர் மாடியிலிருந்து இறங்கும்போதெல்லாம் நீலச் செருப்பு அடுக்கைப் பார்த்துத் தொண்டையைக் கனைத்துவிட்டுப் போகிறாராம்.

அந்த வாரக் கடைசியில் எனக்கு மனசு கேட்காமல் கடைக்குப் போய், ஷூ அலமாரிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். சின்னவள் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே கல்லூரிப் பையன் ஒருவன் நீலச் செருப்பை மாட்டி எழுந்து நின்று கண்ணாடியில் பார்த்தான். அவனுக்கு நன்றாக இருந்தது.

"இது வேர்த்தா சாயம் விடுங்க," என்றாள். "காலெல்லாம் நீலமாகும். நான் பவுடர் பூசின கால்ல போட்டுப் பாத்துட்டேன், அதனால தெரியாமப் போச்சு. துவைக்கத் துவைக்கக் குறையும், முழுசா நிக்காது. மத்தபடி கடிக்காது, நல்ல செருப்பு."

அவன் விழித்தான். "அப்புறம் எதுக்குக்கா விக்கிறீங்க?"

"எடுத்தது நான். சொல்லிச் சொல்லித்தான் விக்கணும்."

"எல்லார்கிட்டயும் இப்படியா சொல்வீங்க?"

"ஆமா."

அவன் கொஞ்சம் யோசித்து, கழற்றி வைத்துவிட்டுப் போனான். கொம்பு தூரத்திலிருந்து உதட்டைப் பிதுக்கினான். சின்னவள் செருப்பைப் பெட்டியில் வைத்து மூடினாள். அப்போதுதான் என்னைப் பார்த்தாள்.

"நீ எதுக்கு வந்த?"

"சும்மாதான். எத்தனை பேர் வாங்குனாங்க?"

"நேத்து ஒருத்தங்க. அவங்க தோட்டத்துல போட்டுக்கறதுக்காம்." முகம் இன்னும் சிவந்துதான் இருந்தது. "ஒவ்வொரு தடவையும் சொல்றதுக்குள்ள கூசிப் போகுதுக்கா. பழகிடும்னு பாத்தேன், பழகல."

"பழகாட்டிப் போகுது" என்றேன். இதற்கு முன்னால் அவளை நினைத்து நான் இவ்வளவு பெருமைப்பட்டதில்லை. அதை அங்கே சொன்னால் அழுதுவிடுவாள் என்று சொல்லவில்லை.

வெயிலில் வந்த ஒரு அம்மாள் முந்தானையால் முகத்தை விசிறியபடி பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடி முகப்பைக் காட்டி, "அந்த நீலத்தை எடும்மா" என்றார். சின்னவள் எனக்குப் போ என்று கை காட்டிவிட்டு, முக்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு வாயைத் திறந்தாள்.